வகையீடு தொடங்கிய வாரம்

அப்பாவை அடக்கம் செய்த எட்டாம் நாள் நிஷாந்தினி பள்ளிக்கூடம் போனாள். படிக்க அல்ல, விலகுகிறேன் என்று சொல்லத்தான். பிலிமத்தலாவையில் ஒரு புடவைக் கடையில் மாமா அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தார். அம்மாவின் கடிதம் பையில் இருந்தது.

இணைந்த கணித வகுப்பில் வகையீடு என்ற புதுப் பாடம் தொடங்கியிருந்தது. ஜெயராணி டீச்சர் அந்த வாரம்தான் மாற்றலாகி வந்தவர். அதுவரை பார்த்திராத முகத்தைக் கண்டதும், "எங்க போயிருந்தீங்க இத்தன நாளா? வாங்க, x இன் வர்க்கத்த முதற் கோட்பாட்டிலருந்து வகையிடுங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த தோழி ஸக்கியா ஏதோ சொல்ல எழும்பினாள். அதற்குள் நிஷாந்தினி பலகைக்குப் போய்விட்டாள். காலையில் ஸக்கியாவின் கொப்பியைப் புரட்டியது கொஞ்சம் நினைவிருந்தது. மூன்றாம் வரியிலேயே பின்னத்தில் இருந்த h க்குப் பூச்சியம் போட்டாள்.

"கீழ என்ன வருது?"

"பூச்சியம்."

"பூச்சியத்தால வகுக்க ஏலுமா? வராம இருந்தா இப்பிடித்தான். வீட்டுல அப்பிடி என்ன வேல?"

"அப்பா செத்துட்டாரு டீச்சர்."

பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். டீச்சரின் கை வெண்கட்டியோடு அப்படியே நின்றது.

"முடிக்கவா டீச்சர்?"

முதலில் சுருக்கினாள், பிறகு h ஐப் பூச்சியமாக்கினாள். 2x வந்தது. சரிதான்.

மணியடித்ததும் கடிதத்தை நீட்டினாள். டீச்சர் படித்துவிட்டு அதை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"என்ன மன்னிச்சிருங்க மகள். வெள்ளிக்கிழம பரீட்ச இருக்கு. அத எழுதிட்டு முடிவெடுப்பமா?"

அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இதற்கும் ஆட்டினாள்.

பரீட்சைக்கு இருந்த மூன்று நாளும் கணக்குச் செய்தாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்களுடைய லய வீட்டுக்கு ஆட்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவள் அடுத்த கணக்குக்குப் போனாள். ஆசைப்பட்டுச் செய்யவில்லை. கையை நிறுத்தினால் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை தாள் கிடைத்தது. எண்பத்திரண்டு. ஸக்கியா கட்டிப்பிடித்து அழுதாள்.

"ஒனக்கு அழுகையே வரல்லயா நிஷா?"

"வரல."

"பரவால்ல. நான் அழுறன்."

அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்பில் இருந்த எண் மட்டும்தான் அவளுக்கு விளங்கியது.

"கடைக்கு நான் போறேன். மாமாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"ஒங்களுக்கு முழங்கால் வலி இருக்கே."

"இருக்கட்டும். நீ படிக்கப் போ."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று நிஷாந்தினிக்குத் தெரிந்தது. சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் டீச்சர் பலகையில் அடுத்த பாடமாக 'சங்கிலி விதி' என்று எழுதினார். நிஷாந்தினி கொப்பியைத் திறந்து, திகதி போட்டாள்.