அவசரப்படாத பாடகர்

1.

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நான் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்தேன். சுட்டது என்று நீங்கள் சொன்னாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன். சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன், ஒருவரைத் தவிர. அந்த ஒருவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பதே எனக்குத் தெரியாது. அனுமதி கேட்கப் போனால் விஷயத்தைச் சொன்னதாகிவிடும். ஆகவே அவர் இதைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அவர் கதைகள் படிப்பதில்லை, பாட்டு மட்டும்தான்.

குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாரக் கடைசியில் எல்லோரும் அந்த வாரம் கேட்ட ஆல்பத்தைப் பற்றி எழுதுவோம். சட்டம் கொஞ்சம் கறார். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, தாண்டாமல், வரிசை மாற்றாமல் கேட்டிருக்க வேண்டும். நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் கூடாது. கேட்கும்போது கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒரு நர்ஸ் அக்கா ஒருமுறை, "துணி மடிச்சுக்கிட்டே கேட்டேன், மூணாவது பாட்டுல மடிக்கிறத நிறுத்திட்டேன்" என்று எழுதினார். அவ்வளவுதான் அவருடைய பதிவு. அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. [நானும் பத்திரிகைகளில் விமர்சனம் எழுதியிருக்கிறேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.]

எனக்கு இந்த மனிதர்கள்மேல் ஒரு மயக்கம் உண்டு. மறைப்பானேன்?

2.

கதையை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "லிஃப்ட்காரர் இசைத்தட்டை உறையிலிருந்து உருவியபோது அவருடைய விரல்கள் லேசாக"

நிறுத்திவிட்டேன். விரல்கள் என்று எழுதினாலே என் பேனா அவற்றை நடுங்கவைக்கப் பார்க்கிறது. அவர் விரல்கள் நடுங்குவதில்லை. நடுங்கினால் லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த வேலையைப் பார்க்க முடியாது.

இரண்டாவது: "குரலுக்கு ஆண், பெண் என்ற பேதம் உண்டா?" பேச்சுப்போட்டித் தலைப்பு மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "எல்லாம் ஒரு விலைச்சீட்டால் வந்த வினை." முதல் வரியிலேயே முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது, தெரியும். இருந்தாலும் இதையே வைத்துக்கொள்கிறேன். முடிச்சை ஒளித்துவைத்துக் கண்ணாமூச்சி காட்டும் சாமர்த்தியம் எனக்குப் போதாது.

3.

எல்லாம் ஒரு விலைச்சீட்டால் வந்த வினை.

பெரிய இசைத்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று என்ற வேகத்தில் சுற்றும். அபூர்வமாகச் சில தட்டுகள் மட்டும் நாற்பத்தைந்தில் சுற்ற வேண்டும். எந்த வேகம் என்று தட்டின் நடுவில் இருக்கும் வட்டக் காகிதத்தில் அச்சிட்டிருப்பார்கள். பழைய பொருள் கடைக்காரர் ஒருவர் சரியாக அந்த எண்ணின்மேலேயே ஆரஞ்சு நிற விலைச்சீட்டை ஒட்டி வைத்திருந்தார். அந்தத் தட்டை லிஃப்ட்காரர் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோய் முப்பத்துமூன்றில் ஓடவிட்டார்.

[லிஃப்ட் பழுதுபார்ப்பது அவருடைய நிஜமான தொழில் இல்லை. ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று நானாக மாற்றினேன். ஆனால் எழுத எழுத, அவர் நிஜமாகவே லிஃப்ட்காரராகிவிட்டார். நாள் முழுக்க இயந்திரத்தின் வேகத்தைச் சரிபார்க்கும் மனிதர் ஒரு தட்டின் வேகத்தில் கோட்டைவிட்டார் என்றால் நம்புவீர்களா என்று யோசித்தேன். யானைக்கும் அடி சறுக்கும். விட்டுவிட்டேன்.]

குழுவில் அவர் பேசவே மாட்டார். மற்றவர்கள் எழுதியதற்குக் கட்டைவிரல் மட்டும் உயர்த்துவார். அப்படிப்பட்டவர் அந்த வாரம் முதல்முறையாக நீளமாக எழுதினார். அதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் தருகிறேன்:

"பழைய கடைல கெடச்ச தட்டு. உறைல ஒரு நாற்காலி படம். பாடறவர் பேரு ரெண்டு எழுத்தும் நடுவுல ஒரு புள்ளியும்தான், வேற விவரம் இல்ல. கை ஒண்ணும் செய்யல, மடில இருந்துச்சு. இந்த மனுஷன் அவசரமே படமாட்டேங்கிறாரு. ஒரு வார்த்தைய எறக்கி வெச்சுட்டுதான் அடுத்த வார்த்தைய எடுக்கிறாரு. எனக்கு நாள் பூரா ஃபோன். எல்லாரும் எங்கயாவது மாட்டிக்கிட்டு, சீக்கிரம் வா சீக்கிரம் வான்னுதான் கூப்பிடுவாங்க. இவரு ஒருத்தர்தான் மெதுவா வா, நான் இங்கதான் இருக்கேன்னு சொன்னாரு."

கூடவே தட்டின் படமும், ஃபோனில் பதிவு செய்த ஒரு நிமிடப் பாட்டும்.

குழு உருகிப்போய்விட்டது. நர்ஸ் அக்கா இரண்டு முறை கேட்டதாக எழுதினார். எதையும் தெரியாது என்று சொல்லாத ஒருவர் எங்கள் குழுவில் உண்டு, ஹெட்மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர், "இவரை ஒரு கச்சேரியில் நேரில் பார்த்திருக்கிறேன். தாடி வைத்திருப்பார். யாரோடும் பேசமாட்டார்" என்று சரித்திரத்தையே எழுதி முடித்தார்.

நான்கூட அந்தத் தாடியை நம்பினேன்.

4.

மறுநாள் கண்ணாடிக்காரி கூப்பிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், குழுவில் எல்லோருக்கும் தங்கை மாதிரி.

"அண்ணா, அந்த நாற்காலி எங்க சித்தி வரைஞ்சது."

"எந்த நாற்காலி?"

"உறைல இருக்கே, அது. அது எங்கம்மா பாடின ரெக்கார்டு அண்ணா."

"உங்கம்மாவா? பாடறது ஆம்பளக் குரலாச்சே?"

"அதான் எனக்கும் கொழப்பம். ஆனா அந்த ஒரு நிமிஷப் பாட்டுல வர்ற வரிய அம்மா இஸ்திரி போடும்போது முணுமுணுப்பாங்க. பேரும் அவங்க பேர்தான், சுருக்கி."

அம்மா இளம் வயதில் ஒரே ஒரு ஆல்பம் பாடியிருக்கிறார். ஒருவரும் வாங்கவில்லை. தட்டுகளை உறையோடு பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். கூடுதலாக அச்சடித்த உறைகள் மட்டும் வீட்டில் மிஞ்சின. கண்ணாடிக்காரி சின்ன வயதில் அந்த உறைகளின் உட்பக்கத்தில்தான் படம் வரைந்து பழகினாள். நாற்காலி அவளுக்கு மனப்பாடம். பாட்டைத்தான் கேட்டதில்லை. அம்மா வாய்விட்டுப் பாடி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

தட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் வேகத்தின் எண்ணை மறைத்திருந்த ஆரஞ்சுச் சீட்டு கண்ணில் பட்டது. தட்டு மெதுவாகச் சுற்றினால் பெண்குரலும் கனத்து ஆண்குரலாகிவிடும். அந்த ஒரு நிமிடப் பாட்டைக் கணினியில் போட்டு வேகத்தைக் கூட்டினேன். தாடிக்காரர் காணாமல் போனார். அவர் இருந்த இடத்தில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, யாரோ துரத்துகிற மாதிரி விறுவிறுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரிக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "அம்மா எவ்ளோ சின்னப் பொண்ணா இருக்காங்க அண்ணா."

5.

இங்கே கதையை நிறுத்தி ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லவேண்டும். சரியான வேகத்தில் அந்தப் பாட்டு சுமார்தான்.

பெண்ணின் குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் பதற்றம். வரிகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்ற தவிப்பு. லிஃப்ட்காரர் கேட்ட பாட்டோ அற்புதம். அப்படியென்றால் அந்த அற்புதத்தைச் செய்தது யார்? பாடியவரா? சீட்டு ஒட்டிய கடைக்காரரா? கையை மடியில் வைத்துக்கொண்டு, இதில் ஏதோ இருக்கிறது என்று நம்பி, கடைசிவரை உட்கார்ந்திருந்த மனிதரா? என் ஓட்டு மூன்றாமவருக்கு. நானாக இருந்தால் முதல் பாட்டிலேயே "என்ன இழுவை இது" என்று எடுத்துப்போட்டிருப்பேன். ரசிகன் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், இனிமேல் அவரைத்தான் காட்டுவேன்.*

*இதை அவரிடம் சொல்ல முடியாது என்பதுதான் கொடுமை.

"சொல்லவா, வேண்டாமா அண்ணா?" என்று கண்ணாடிக்காரி கேட்டாள். அவளுடைய சிக்கல் உங்களுக்குப் புரிகிறதுதானே? சொன்னால், வாயே திறக்காதவர் முதல்முறை திறந்து எழுதியது தப்பு என்று ஊர் கூடிச் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால், அவளுடைய அம்மாவுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு, இல்லாத ஒரு தாடிக்காரனுக்குப் போய்ச்சேரும்.

6.

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

(அ) கண்ணாடிக்காரி குழுவில் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். ஹெட்மாஸ்டர், "எனக்கு அப்போதே சந்தேகம்" என்கிறார். லிஃப்ட்காரர், "மன்னிச்சுக்குங்க, தெரியாம எழுதிட்டேன்" என்று எழுதிவிட்டு மறுபடி கட்டைவிரலுக்குத் திரும்பிவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

(ஆ) யாரும் எதுவும் சொல்வதில்லை. பாட்டு அழகாக இருக்கிறது, அது போதும் என்று உபதேசத்தோடு முடித்தேன். கண்ணாடிக்காரிக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப எங்கம்மா?" என்றாள். அழித்துவிட்டேன்.

(இ) அம்மா ஒரு கட்டடத்தின் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார். இருட்டில் பயம் போகப் பாடுகிறார். மீட்க வந்த லிஃப்ட்காரர் கதவுக்கு வெளியே அந்தக் குரலைக் கேட்டு

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கதை என்றாலும் ஒரு நியாயம் வேண்டாமா?

7.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். நான் அங்கே இல்லை; கண்ணாடிக்காரி சொன்னது.

அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஃபோனைக் கையில் கொடுத்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ஹெட்மாஸ்டரிடம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"தாடி வேறயா எனக்கு?"

பிறகு லிஃப்ட்காரர் எழுதியதற்குத் திரும்பிப் போனார். அதை மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தத் தம்பி வீடு எங்க இருக்கு?" என்றார்.

"எதுக்கும்மா?"

"பாட்டக் கேக்கணும்."

"ஃபோன்லயே இருக்கும்மா, இதோ."

"அது ஒரு நிமிஷம்தான. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கேக்கணும்னுதான உங்க சட்டம்? நீ எதும் வாயத் தொறக்காத. பேச வேண்டியத நான் பேசிக்கிறேன்."

ஒரு விடுமுறை நாள் மதியம் போனார்கள். தன் அம்மாவுக்கும் பாட்டுப் பிடிக்கும் என்று மட்டும் கண்ணாடிக்காரி லிஃப்ட்காரரிடம் சொல்லியிருந்தாள். சின்ன அறை. சுவரோரம் தகரப் பெட்டி, அதன்மேல் ப்ளேயர். ப்ளேயர் ஒரு பக்கம் சாயாமல் இருக்க மடித்த அட்டையை முட்டுக்கொடுத்து, மட்டப்பலகை வைத்துச் சரிபார்த்திருந்தார். லிஃப்ட்காரரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார்.

"இவரு இப்பல்லாம் இது ஒண்ணத்தான் போடறாரு. கொஞ்சம் இழுவையாதான் இருக்கும், பொறுத்துக்குங்க."

"இழுவை இல்லம்மா, நிதானம்" என்றார் லிஃப்ட்காரர், அம்மாவைப் பார்த்து. "நீங்களே கேளுங்க."

முதல் பாட்டு ஓடியது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறியது. இரண்டாவது பாட்டில் ஒருமுறை தலையை அசைத்தார், நன்றாகப் பாடுகிற வேறொருவரைக் கேட்பது போல. "நல்லாத்தான் பாடறாரு" என்றார்.

"சொன்னேன்ல!" என்று லிஃப்ட்காரர் முகம் மலர்ந்தார்.

மூன்றாவது பாட்டு, இஸ்திரிப் பெட்டியோடு முணுமுணுக்கிற அந்தப் பாட்டு. அம்மா முதலில் உதட்டை மட்டும் அசைத்தார். அப்புறம் சத்தம் வந்தது. அப்புறம் வாய்விட்டே பாட ஆரம்பித்துவிட்டார்.

நான் ஒரு வரியையும் இட்டுக்கட்டவில்லை, சத்தியமாக. வயது அம்மாவின் குரலை எவ்வளவு கீழே இறக்கியிருந்ததோ, அந்தத் தவறான வேகமும் ஏறக்குறைய அவ்வளவே இறக்கியிருந்தது. தட்டில் இருந்த குரலுக்குப் பக்கத்திலேயே அம்மாவின் குரல் போய் உட்கார்ந்துகொண்டது. இளம் வயதில் அடித்துப்பிடித்து ஓடிய வரிகளை இப்போது அவர் நிறுத்தி நிதானமாகப் பாடினார். ஒரு வார்த்தையை இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தார்.

"ரெண்டு பேர் பாடற மாதிரியே இல்லண்ணா" என்று கண்ணாடிக்காரி என்னிடம் சொன்னாள். அவள் அன்றைக்குத்தான் தன் அம்மாவின் குரலைக் கேட்டாள்.

8.

பாட்டு முடிந்தது. அந்தப் பக்கத்தில் அதுதான் கடைசி. ஊசி உள்வட்டத்துக்குப் போய்க் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி கரண்டியோடு அப்படியே நின்றார்.

லிஃப்ட்காரர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூச்சத்தோடு கேட்டார்:

"அம்மா... நீங்க அவர்கூடப் பாடியிருக்கீங்களா?"

அம்மா பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று கண்ணாடிக்காரி சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தெரிந்தால் எழுதிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அது அந்த அறையில் இருந்தவர்களுக்கான பதில்.

அதன் இடத்தில் வைக்க நானே ஒரு பதிலை எழுதப் பார்த்தேன். "ஆமாம் தம்பி, பாடியிருக்கேன்" என்று அம்மாவைச் சொல்லவைத்தேன்; பக்கத்திலிருந்த மகளை நினைத்துக்கொண்டேன், அடித்தேன். "அது நான்தாம்பா" என்று சொல்லவைத்தேன். எதிரே இருந்தவர் முகத்தை நினைத்துக்கொண்டேன், அதையும் அடித்தேன். நல்ல மனிதர்கள் மூன்று பேரை ஒரே அறையில் உட்காரவைத்தால் எழுத்தாளன் திண்டாடிப்போகிறான்.

நீங்கள் முயன்று பாருங்கள். தட்டைத் திருப்பிப் போட அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவின் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.