வேகத்தடையைச் சுரண்டிய ஊர்

எங்கள் ரோட்டுக்குத் தார் போட்டது தை மாதத்தில். மாசி முடிவதற்குள் அதைப் பந்தயத் தடமாக்கிவிட்டார்கள். பாலக்காட்டுப் பக்கம், முதலமடை மாந்தோப்புகளுக்கு நடுவே, ரைஸ்மில் முக்கிலிருந்து கால்வாய்ப் பாலம் வரை ஒன்றேமுக்கால் கிலோமீட்டர், வளைவே இல்லாத ரோடு. பத்து வருஷம் அந்தக் குழிகளில் விழுந்து எழுந்தோம், மனுக் கொடுத்தோம், மறியல் பண்ணினோம். இத்தனையும் மாங்காய் வியாபாரி நூர்தீனின் மகன் ஜாஸிம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நூற்றிருபதில் பறப்பதற்காகத்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

என் சமையலறை ஜன்னல் அந்த ரோட்டைப் பார்த்து இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? காலை ஆறேகாலுக்கு வருவார்கள். யார் வீட்டுப் பிள்ளை, பைக் வாங்கிக் கொடுத்தது அப்பனா மாமனா, சைலன்சரைக் கழற்றியது எந்த ஒர்க்‌ஷாப், எல்லாம் எனக்குத் தெரியும். எலப்புள்ளியிலிருந்து சுதீப் என்று ஒருவன் சிவப்பு பைக்கில் வருவான். அப்பா பெரிய உத்தியோகம், பையனுக்கு உத்தியோகம் இதுதான். பாலத்தில் ஒருவன் துண்டை ஆட்டுவான், இரண்டு பேர் செல்போனைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் குந்தியிருப்பார்கள். ஒருநாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது ஜாஸிம் என்னிடம் சொன்னான்: "சரசக்கா, கொஞ்சம் உள்ள போங்க. வீடியோவுல உங்க நைட்டி வருது."

அதே நேரத்தில்தான் மாங்காய் ஷெட்டுக்குப் பெண்கள் வேலைக்கு நடந்து போவார்கள். சீசனில் ஞாயிறு ஏது? ஷெட் நூர்தீனுடையது. அங்கே தரம் பிரிக்கும் பெண்களில் மூத்தவள் பூவாத்தாள், பத்தொன்பது வருஷமாக அதே வேலை. அவள் புருஷன் குருசாமி அங்கேயே லோடு ஏற்றுகிறான். பூவாத்தாளின் கை ஒரு மாங்காயை எடுத்து அரைச் சுற்று திருப்பினால் போதும், விழுந்ததா பறித்ததா என்று சொல்லிவிடுவாள். பார்வைக்குப் பளபளவென்று இருப்பதைத் தூக்கித் தனியே போடுவாள். கேட்டால், "அடிபட்டதுங்க. இன்னிக்குத் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சுக் கறுக்கும்" என்பாள். இரண்டு நாள் கழித்துக் கறுத்திருக்கும். நூர்தீனின் சரக்குக்கு பம்பாய் வரை பேர் என்றால் பாதி அந்தக் கைக்குத்தான்.

பைக்குகள் உரசிக்கொண்டு போக ஆரம்பித்ததும் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுத்தது பூவாத்தாள்தான். ஷெட்டுப் பெண்கள் முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கினாள். என் வீட்டுக்கு எதிரிலேயே வேகத்தடை வந்தது. எங்கள் பக்கம் ஹம்ப் என்போம். பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் ஜேசிபி வந்து சுரண்டி எடுத்துக்கொண்டு போனது. வியாபாரிகள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள், லோடு வண்டி குதித்தால் மாங்காய் அடிபடுகிறதாம். நூர்தீன் குடை பிடித்துக்கொண்டு, சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிற மாதிரி பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, மாங்கா அடிபடக் கூடாது, செரி. மனுசன் அடிபட்டா?" என்று கேட்டேன்.

"நம்ம புள்ளைங்கதானுங்க சரசக்கா. பாத்துத்தான் போவானுங்க."

பார்த்துத்தான் போனார்கள். பங்குனி இரண்டாம் ஞாயிறு, காலை ஆறு நாற்பது. பூவாத்தாள் சோற்றுத் தூக்கோடு ரோட்டின் ஓரத்தில், மண்ணில், நடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து இரண்டு பைக்குகள் ஜோடியாக வந்தன. சுதீப் உள்ளே நெருக்கினான், ஜாஸிம் வெளியே ஒதுங்கினான். ஒதுங்கிய பைக்கின் ஹேண்டில் அவள் இடது விலாவில் அடித்தது. தூக்கு உருண்டு என் கேட்டில் வந்து முட்டி நின்றது.

நான் ஓடிப் போவதற்குள் அவளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சேலையைத் தட்டிக்கொண்டாள். "ஒண்ணுமில்லீங்க்கா. சோறுதான் கொட்டிப்போச்சு." சுதீப் நிற்கவே இல்லை, பாலத்தில் துண்டு ஆடிக்கொண்டிருந்ததே, ஜெயிக்க வேண்டாமா? ஜாஸிமும் கீழே விழுந்திருந்தான். எழுந்தான். வண்டியை நிமிர்த்தினான். பெட்ரோல் டேங்கில் கீறல் விழுந்திருக்கிறதா என்று கையால் துடைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் இவள் பக்கம் திரும்பினான்.

நூர்தீன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். "பூவாத்தா, கைகால் ஆடுதில்ல? அப்பப் போதும்" என்றார். கூடியிருந்த ஆண்களும் ஒன்றுமில்லை என்றார்கள். நானும்தான் சொன்னேன். ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு அவள் ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வயிற்றுவலி என்று சுருண்டாள். முகம் வெளுத்திருந்தது. குருசாமி பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனான், துணைக்கு நான். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். குருசாமி தரையைப் பார்த்துக்கொண்டு, "கால்வாய்ப் படியில வழுக்கிட்டாளுங்க" என்றான்.

நூர்தீன் சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஆக்ஸிடெண்ட் என்று வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போய்விடும். ஜாஸிமுக்கு துபாய்ப் பேப்பர் நடந்துகொண்டிருக்கிறது. குருசாமிக்கும் ஷெட்டில் வேலை வேண்டும்.

டாக்டர் என்னைப் பார்த்தார். மூன்றாம் தெருவில் தட்டு உடைந்தாலும் அரைமணி நேரத்தில் ஊருக்குச் சொல்கிற வாய் இது. அன்றைக்கு மூடிக்கொண்டது. புருஷனே அப்படிச் சொல்லும்போது நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். பூவாத்தாளும் ஒன்றும் சொல்லவில்லை. படியில் வழுக்கியவளுக்கு என்ன வைத்தியமோ அதை டாக்டர் செய்தார். சுளுக்கு ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஷெட்டில், மாங்காய்ப் பெட்டியின் மேலேயே மயங்கி விழுந்தாள். பாலக்காட்டுக்குக் கொண்டு போனோம். அவசரப் பிரிவில் இருந்தது ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். குருசாமி மறுபடியும், "படியில..." என்று ஆரம்பித்தான்.

"பொய்யிங்க டாக்டர்!" என்று கத்திவிட்டேன். "பைக் அடிச்சது. ஞாயித்துக்கெழம காலைல. இந்தப் பக்கம், விலாவுல."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "ரெண்டு நாளா இதச் சொல்லாம எங்க இருந்தீங்க?"

மண்ணீரல் கிழிந்து, இரண்டு நாளாக வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசிந்திருக்கிறது. உடனே ஆபரேஷன். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். பிழைத்தாள்.

வெள்ளிக்கிழமை நூர்தீன் வார்டுக்கு வந்தார், கையில் முதல் தரத்தில் ஒரு பெட்டி மாங்காய். அன்றைக்கு வாக்குமூலம் எடுக்கப் போலீஸ்காரர் வருவார் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"படின்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் பூவாத்தா. ஜாஸிம் உம்பட புள்ள மாதிரி. ஒரு கேஸ் விழுந்தா அவன் வாழ்க்கையே போச்சு."

பூவாத்தாள் படுத்தபடியே கையைப் பெட்டிக்குள் விட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, அரைச் சுற்று திருப்பி, மூன்றைப் போர்வைமேல் தனியே வைத்தாள்.

"இத ஆருங்க பிரிச்சது?"

"புதுசா வந்த புள்ள. ஏன், நல்லாத்தான இருக்குது?"

"அடிபட்டதுங்க மொதலாளி." குரல் மெலிந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. "நான் எந்திரிச்சு நின்னதும் கைகால் ஆடுதில்லன்னு கேட்டீங்க. மாங்காயா இருந்தா அப்புடி விட்டிருப்பீங்களா? ரெண்டு நாள் வெச்சுப் பாத்திருப்பீங்க."

"விடு புள்ள..." என்றான் குருசாமி.

"நீங்க சும்மா இருங்க. படியாம் படி! எந்தப் படிங்க ஆள அடிச்சுப் போட்டு வண்டியத் தொடச்சுப் பாத்துது?"

நூர்தீன் எழுந்திருப்பதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார். மலையாளமும் தமிழும் கலந்து கேட்டார். பைக் அடித்தது, ஓட்டியவன் ஜாஸிம் என்று பூவாத்தாள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். "வண்டி நம்பர் அறியுமோ அம்மே?"

"பின்னால இருந்து வந்துதுங்க சார். நான் எங்க பாத்தேன்."

"வேற சாட்சி?"

குருசாமி மாங்காய்ப் பெட்டியைப் பார்த்தான். நூர்தீன் மூச்சை விட்டதை நான் பார்த்தேன். பார்ப்பதுதானே என் வேலை. அவர் காலி செய்த ஸ்டூலை இழுத்துப் போலீஸ்காரர் முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியுமுங்க. எழுதிக்குங்க."

ஜாஸிமின் வண்டி நம்பரைச் சொன்னேன். சுதீப்பின் நம்பரைச் சொன்னேன். மாசியிலிருந்து எத்தனை ஞாயிறு, எத்தனை வண்டி, பாலத்தில் துண்டை ஆட்டியவன் யார், செல்போன் பிடித்தது யார், அந்த வீடியோக்கள் எந்தப் பேரில் வந்திருக்கின்றன என்று சொன்னேன். சைலன்சர் கழற்றிய ஒர்க்‌ஷாப்பையும் விடவில்லை.

"சரசக்கா," என்றார் நூர்தீன், "அடுத்த ஊட்டு விசயத்துல நீங்க எதுக்கு..."

"அடுத்த ஊட்டு விசயம் பேசாம நான் என்னைக்குங்க இருந்திருக்கேன்? திங்கக்கெழம ஒரே ஒரு நாள் இருந்தேன். மறுநாள் இவ வயித்தக் கிழிச்சாங்க."

போலீஸ்காரர் தாளைத் திருப்பினார். பின்பக்கமும் நிரம்பியிருந்தது. "சேச்சி, பேப்பர் தீர்ந்நு" என்றார்.

"இன்னொண்ணு எடுங்க சார்" என்றேன். "ஹம்பை ஆரு சுரண்டச் சொன்னதுன்னு நான் இன்னும் சொல்லவே இல்ல."