முப்பத்தைந்து கிராம் சூடு

இருபது வருடம் பேருந்து ஓட்டியவர், இப்போது ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கத் திணறிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். தொண்டையில் புற்று. “இனிமே அவர் ஆசைப்பட்டதைக் குடுங்கம்மா” என்று டாக்டர் சொன்னதற்கு என்ன பொருள் என்று மனைவிக்குப் புரிந்தது.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் காபி டப்பா. அடியில் அழுத்தினால் அடுப்பில்லாமல் தானே சூடாகும். கடைக்கு வராது, கப்பலேறிப் போய்விடும். ஒன்பது வருடமாக அவளைச் ‘சுண்ணாம்பம்மா’ என்று கேலி செய்தவர், ஒரு தடவையாவது அதைத் தன் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்றார்.

டப்பாவின் அடியறையில் சுட்ட சுண்ணாம்பு, பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பை. பை கிழிந்து இரண்டும் கலந்தால் சுண்ணாம்பு கொதித்து நீறும். அந்தச் சூடு காபிக்கு ஏறும். வழக்கமான அறுபது கிராம் தரும் சூட்டை அவர் தொண்டை தாங்காது. மூன்று நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அளந்து பார்த்து, முப்பத்தைந்து என்று கண்டுபிடித்தாள். கழித்துப் போட்ட டப்பா இரண்டை மேற்பார்வையாளர் கொடுத்தார். சுண்ணாம்பு மட்டும் தொழிற்சாலை வாசலைத் தாண்டக் கூடாது. பொட்டலமாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பேருந்தில் இடுப்பு கதகதவென்றது. வெயில், நெரிசல் என்று நினைத்தாள்.

கட்டிலருகே பொட்டலத்தைப் பிரித்தபோது சுண்ணாம்புக் குருணை மாவாகியிருந்தது. மூச்சுக்காற்றுகூடப் படக் கூடாது என்று புதிதாய் வருபவர்களை விரட்டுகிறவள், தன் வியர்வையை மறந்துபோயிருந்தாள்.

“வர்ற வழியிலேயே நீறிப்போச்சுங்க.”

“பரவால்ல, போடு. நான் அழுத்தணும்.”

போட்டு மூடினாள். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. டப்பா சில்லென்றே இருந்தது.

“எனக்கு வர வேண்டிய சூட்டை பஸ்ஸுலயே நீ வாங்கிக்கிட்டியா?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் பிடித்தது. இடுப்பில் சிவந்திருந்த இடத்தைக் காட்டச் சொல்லி, விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். நாளைக்குச் சரியாகக் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

மறுநாள் எதையும் ஒளிக்கவில்லை. இறுக மூடிய கண்ணாடிப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தாள். வாசல் காவலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணவர் கண் திறக்கவில்லை. காலையிலிருந்தே இப்படித்தான் என்றாள் நர்ஸ். சுண்ணாம்பை இரண்டாவது டப்பாவில் போட்டு மூடி, அதன் அடியில் அவர் கட்டைவிரலை எடுத்து வைத்து, மேலே தன் விரலை வைத்து அழுத்தினாள். உள்ளே சீறியது. தன் புறங்கையில் ஒரு சொட்டு காபி விட்டுப் பார்த்தாள். அவள் கணக்குத் தப்பவில்லை. பஞ்சில் தொட்டு உதட்டில் வைத்தாள். உதடு அசையவில்லை. காபி ஓரமாய் வழிந்து தலையணையில் இறங்கியது.

அதைத் துடைத்தாள். பிறகு அவருடைய இரண்டு கையையும் டப்பாவைச் சுற்றி வைத்து, அது ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.