மரியாதைக்கு ஒரு சொல்

குளிர்பதனக் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கும் அவளுக்குப் ‘பேப்பரக்கா’ என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்க, அவள் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் செல்போனில் ஆங்கிலச் செய்திகளைத் தள்ளித் தள்ளிப் படிப்பாள். ஆங்கிலம் கற்றுக்கொள்ள அவள் கண்டுபிடித்த வழி அது. அகராதியைத் தொட மாட்டாள். ஒரு சொல் எங்கே வந்து உட்காருகிறது, யாரோடு சேருகிறது என்று கவனித்தாலே அதன் குணம் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. புதிதாக வந்த மருமகளை அப்படித்தானே எடை போடுகிறோம், அகராதியா புரட்டுகிறோம் என்று கேட்பாள்.

இந்த வழி பெரும்பாலும் கைகொடுத்தது. ‘பிளேஸ்’ (blaze) என்றால் தீ என்று இரண்டு தீ விபத்துச் செய்திகளிலேயே பிடித்துவிட்டாள். ‘புரோப்’ (probe) என்றால் விசாரணை, நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும் என்பது வரை அவளுக்குத் தெரியும். படித்த செய்தியை மூடிவைத்துவிட்டு, வீணான லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் தன் சொந்த வாக்கியங்களில் எழுதிப் பார்ப்பாள். திருத்த ஆள் கிடையாது. அதனால் தப்பும் கிடையாது.

ஒரே ஒரு குறை அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் மரியாதையே இல்லை. முதலாளியும் ‘ஹீ’, முதலாளி வீட்டு நாயும் ‘ஹீ’. இப்படி ஒரு பாஷையை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு பேர் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. எங்கேயோ ஒரு சொல் ஒளிந்திருக்க வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள்.

ஒரு வங்கி மோசடிச் செய்தியில் அது அகப்பட்டது. ‘அலெஜ்ட்’. சைக்கிள் திருடியவனை வெறும் திருடன் என்று எழுதிய அதே பத்திரிகை, கோடிகளைச் சுருட்டிய தலைவருக்கு முன்னால் இந்தச் சொல்லைப் போட்டிருந்தது. தொடர்ந்து கவனித்தாள். சின்ன ஆட்களுக்கு அது வரவில்லை. தலைவர், முதலாளி, சூத்திரதாரி என்று பெரிய கைகளுக்கே வந்தது. சந்தேகமே இல்லை, இதுதான் ‘மாண்புமிகு’. அன்று அவளுக்கு இருந்த பூரிப்பில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அந்தச் சொல் தன் குடும்பத்தின் அடிமடியிலேயே கைவைக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

அவளுடைய கொழுந்தன் அதே கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டினான். ஒரு காலை, சரிவுப்பாதையில் குழாய் கசிந்து தண்ணீர் நின்றது. துடைத்த பிறகு ஓட்டுகிறேன் என்று அவன் சொன்னான். லாரி காத்திருக்கிறது, ஓட்டு, எது நடந்தாலும் நான் பொறுப்பு என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சூப்பர்வைசர். வண்டி வழுக்கியது. உறைந்த பட்டாணிப் பெட்டிகள் சரிந்து, குளிரறையின் பெரிய கதவு பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. மேலிடம் கேட்டதும் சூப்பர்வைசர், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கையைக் கழுவிவிட்டார். கொழுந்தனை வீட்டில் உட்காரச் சொன்னார்கள். வேலை போனால் ஓட்டும் அனுமதியும் போகும், வேறு கிடங்கும் எடுக்காது. வீட்டில் அவன் மனைவி, இவளுடைய ஓரகத்தி, பாத்திரங்களைப் பேசவிட்டாள்.

சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள், சரிவுப்பாதைக்குப் பக்கத்து மேசையில் நின்ற பேப்பரக்கா. வாக்குமூலம் ஆங்கிலத்தில் வேண்டும் என்றது தலைமை அலுவலகம். கிளார்க் எழுதித் தருவதாகச் சொன்னான். அவன் சூப்பர்வைசரின் ஆள் என்பதால் அவளே எழுதினாள்.

‘ஹீ டோல்ட்’ என்று முதலில் எழுதியதும் அவளுக்குக் கூசியது. ‘அவன் சொன்னான்’ என்று சூப்பர்வைசரைச் சொன்ன மாதிரி இருந்தது. மேலிடத்துக்குப் போகிற தாள், மட்டு மரியாதை வேண்டாமா? அடித்துவிட்டு அவருக்கு முன்னால் ‘அலெஜ்ட்’ போட்டாள். அவர் சொன்ன சொல்லுக்கும் போட்டாள். கொழுந்தனுக்குப் போடவில்லை. வீட்டுப் பிள்ளைக்கு வெளியாரிடம் மரியாதை கொடுத்துப் பேசுவது அழகல்ல.

“நல்லா எழுதிட்டீங்களா அண்ணி?” என்று கொழுந்தன் கேட்டான்.

“சார் மனசு நோகாம எழுதியிருக்கேன் தம்பி. மரியாதையா சொன்னா கேப்பாங்க.”

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி, காதோரம் நரைத்த ஓர் அம்மையார், விசாரணை அறையில் தாளை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார். எதிரே சூப்பர்வைசர், பக்கத்தில் கிளார்க்.

“உங்க கொழுந்தன் ஓட்டினார், கதவை உடைச்சார்னு உறுதியா எழுதியிருக்கீங்க. சூப்பர்வைசர் உத்தரவு போட்டதை மட்டும் அலெஜ்ட்னு எழுதியிருக்கீங்களே?”

“அவங்களுக்கே நிச்சயமா தெரியல மேடம்,” என்றார் சூப்பர்வைசர்.

“அதுக்கு என்ன அர்த்தம்னு நெனைச்சீங்க?” அதிகாரி அவளைத்தான் கேட்டார்.

“மரியாதைக்குப் போட்டேங்க.”

கிளார்க் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. “அப்படிச் சொல்றாங்க, ஆனா உண்மையான்னு தெரியாதுன்னு அர்த்தம்மா. நீங்க எழுதினபடி பாத்தா, சூப்பர்வைசர்னு சொல்லப்படுற ஒருத்தர், போட்டதா சொல்லப்படுற ஒரு உத்தரவு.”

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பேப்பரக்கா அவரைப் பார்க்கவில்லை. நெருப்பாக இருந்த சாட்சியத்தில் தன் கையாலேயே தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். சைக்கிள் திருடனை வெறும் திருடன் என்று எழுதிய பத்திரிகைக்காரன் செய்ததைத்தான், சொந்தக் கொழுந்தனுக்கு அவளும் செய்திருந்தாள்.

“இதை வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது. வேணும்னா இங்கேயே திருத்தி எழுதுங்க,” என்று அதிகாரி வெள்ளைத் தாளை நீட்டினார்.

“பாத்து எழுதும்மா. நாளைக்கும் இங்கதான் வேலைக்கு வரணும்,” என்றார் சூப்பர்வைசர், தாய்மாமன் மாதிரி அக்கறையாக.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பேனாவை எடுத்தாள். வீணான தாள்களின் பின்பக்கத்தில் எத்தனையோ எழுதியவள், இப்போது வெள்ளைத் தாளின் முன்பக்கத்தில் எழுதினாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஹீ சா தி வாட்டர். ஹீ செட் நோ. ஹீ டோல்ட் ஹிம் டு டிரைவ். அடைமொழி இல்லை, அலங்காரம் இல்லை. எழுத எழுதக் கூச்சம் போய்விட்டது. சூப்பர்வைசரும் கொழுந்தனும் அந்தத் தாளில் ஒரே உயரத்தில் நின்றார்கள். இந்தப் பாஷையில் குறை என்று அவள் நினைத்தது இதைத்தான்.

அதிகாரி படித்தார். “எல்லாம் ஹீயா இருக்கே. யாரு எந்த ஹீ?”

“தண்ணியப் பாத்த ஹீ சாருங்க. மாட்டேன்னு சொன்ன ஹீ எங்க தம்பி. ஓட்டச் சொன்ன ஹீயும் சார்தான். பொறுப்பு நான்னு சொன்னதும் அவருதான்.”

“அப்போ ஹீக்குப் பதிலா சூப்பர்வைசர், டிரைவர்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க,” என்ற அதிகாரி, பேனாவின் மேலேயே பார்வையை வைத்துக்கொண்டு கேட்டார். “மரியாதைக்கு ஒண்ணும் சேர்க்கலையே?”

“வேணாங்க மேடம். அதை நேர்ல குடுத்துக்கிறேன்.”

கொழுந்தன் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினான். சூப்பர்வைசருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பதவி போகவில்லை. காலையில் அவர் வழக்கம்போல் வாசலில் நின்றிருந்தார். பேப்பரக்கா அவர் முன்னால் நின்று, “வணக்கம் சார்” என்று மரியாதை இம்மியும் குறையாமல் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.