ஃபென்விக் துரைக்குப் பத்துக் கேள்விகள்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மேல். ஈப்போ நீதிமன்றத்துக்கு எதிரே மேசை போட்டு மனு தட்டச்சு செய்து பிழைப்பவன் நான்; பெயர் சதாசிவம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் என் கதைகள் மூன்று வந்திருக்கின்றன. அந்த மூன்றும்தான் என் தலையைக் கெடுத்தன.

முதல் தொடக்கம்: "1922இல் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய இருபத்துமூன்று வயது ஆர்தர் ஃபென்விக் தன் தொப்பியைக்..." வேண்டாம். அந்தத் தொப்பியை நான் பார்த்ததே இல்லை. வெள்ளைக்காரன் என்றதும் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2

இரண்டாம் தொடக்கம், நடந்தது நடந்தபடி.

1979 ஜனவரி. கோப்பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் ராக்காயி என் மேசைக்கு வந்தாள். வயது நாற்பது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள்; வருடக் கடைசிக்குள் தோட்டத்து வீடான லயத்தைக் காலி செய்ய வேண்டும். மலிவு வீட்டுக்கு மனுப்போட நீல அடையாள அட்டை கேட்டார்கள். அவளிடம் இருந்தது சிவப்பு. இந்த மண்ணில் பிறந்தும் குடியுரிமை இல்லாதவள் என்று அர்த்தம்.

பிறப்புக்கு அத்தாட்சி ஒன்றே ஒன்றுதான். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துப் பதிவுகள் எரிந்துபோயின. 1948இல் மாவட்ட அதிகாரி ஃபென்விக் துரை தோட்டத்துக்கே வந்து, இன்னார் இங்கே பிறந்தவர் என்று ஆளுக்கொரு காகிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

அவள் பிளாஸ்டிக் பையைப் பிரித்தாள். மஞ்சள் வாசம் அடித்தது.

"அம்மா இதச் சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்தாங்கண்ணே. வெள்ளிக்கெழம தவறாம மஞ்சத்தண்ணி தெளிச்சுப் பொட்டு வெப்பாங்க. அம்மா போனப்புறம் நான் வெச்சேன்."

"பொட்ட எங்க வெச்ச?"

"தொர கையெழுத்து மேலதான். அதானேண்ணே நெத்தி மாதிரி."

முப்பத்தொரு வருடப் பொட்டு. பெயர் பாதி தெரிந்தது. கையெழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. (நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.)

"ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?"

"கையெழுத்துப் போட்டவரு உசுரோட இருந்தா, நான்தான் குடுத்தேன்னு அவருகிட்ட சூராட், அதான் அத்தாட்சிக் கடுதாசி, வாங்கிட்டு வரணுமாம். ஒரு கடுதாசி போடுங்கண்ணே. தொர இருப்பாருலா."

3

துரை இருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரிகளின் சங்கம் ஒன்று முகவரி கொடுத்தது. இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர், வயது எண்பது.

திருட்டு இங்கேதான். ஒரே வரி கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த எழுத்தாளன் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். துரையின் வாழ்க்கை வரலாறு! பத்திரிகையில் தொடராக வந்தால்! பத்துக் கேள்விகள் தயார் செய்தேன். எங்கே பிறந்தீர்கள், ஏன் மலாயாவுக்கு வந்தீர்கள், முதல் வேலை எங்கே, ஜப்பான்காரன் சிறை எப்படி இருந்தது... ராக்காயியைப் பத்தாவதாக வைத்தேன்.*

ஆங்கிலத்தை மெருகேற்ற மட்டும் ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன்.

(* மனு எழுதுகிறவன் முதலில் துதி பாடுவான், கடைசியில்தான் கோரிக்கையை வைப்பான், இருபது வருடப் பழக்கம். இந்தச் சாக்கு பாதி உண்மை. மீதிப் பாதியை மேலே சொல்லிவிட்டேன்.)

4

செப்டம்பரில் கனத்த உறை வந்தது. பதினொரு பக்கம், நடுங்கும் எழுத்து.

பாதிரியார் மகன். சிலிம் ரிவரில் முதல் வேலை. மலாய்ப் பரீட்சையில் ஒருமுறை தோல்வி. நான்கு வயது மகனைக் காய்ச்சலுக்குக் கொடுத்து இங்கேயே புதைத்திருக்கிறார். மகளோடு கப்பலேறிய மனைவி திரும்பி வரவில்லை. ஜப்பானியர் சிறையில் மூன்றரை வருடம். 1955இல் ஓய்வு, வழியனுப்ப வந்தவர்கள் போட்ட மாலையைக் கப்பலில் எங்கே வைப்பதென்று தெரியாமல் கடலில் போட்டாராம். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை.

ஒன்பதாவது கேள்வி: உத்தியோகத்தில் நீங்கள் உருப்படியாகச் செய்தது எது?

"1948இல் ஒரு தோட்டத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். முப்பத்துமூன்று வருடத்தில் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. தோட்டத்தின் பெயர் நினைவில்லை. யோசித்து உங்கள் பத்தாவது கேள்விக்கு"

அங்கே நிற்கிறது. மகளின் குறிப்பு இணைக்கப்பட்டிருந்தது. அப்பா வரிசை தவறாத மனிதர், பத்தாவதைத் திங்கட்கிழமை எழுதுவதாக இருந்தார், ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார்.

அந்தப் பக்கத்தை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். தோட்டத்தின் பெயர் இல்லை, அவள் பெயர் இல்லை, கீழே கையெழுத்தும் இல்லை. திருப்பிக் கொடுத்தார்கள்.

5

முடிவுகள்.

(அ) திங்கட்கிழமை விடிகிறது. துரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத உட்காருகிறார். இதை எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.

(ஆ) சதாசிவம் ராக்காயியிடம் உண்மையைச் சொல்கிறான். அவள்

இந்த வாக்கியத்தை ஆறு வருடமாக என்னால் முடிக்க முடியவில்லை.

நடந்தது இது. "தொர செத்துட்டாரு" என்றேன். அவள் அந்தக் காகிதத்தை எடுத்து, ஓட்டையைச் சுற்றி விரலால் தடவினாள்.

"நாந்தாண்ணே கெடுத்தேன். பொட்ட வேற எடத்துல வெச்சிருக்கலாம்."

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று.

6

இப்போது 1985. ராக்காயி கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் பலகைக் குடிசையில் இருக்கிறாள். அதே சிவப்பு அட்டை. காகிதத்துக்கு இப்போது பொட்டு வைப்பதில்லையாம். சாமிக்கும் வைப்பதில்லையாம்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதினேன். ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். கமுந்திங் ஒன்றும் தூரமில்லை, பஸ் இருக்கிறது. தொழிற்சாலையின் பின்வாசலில் பெயரைச் சொல்லிக் கேட்டால் காட்டுவார்கள். மூன்றாவது பகுதியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள், போதும்.

அவள் என்ன சொல்கிறாளோ, அதுதான் முடிவு. எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டாம்.