நாலு பேர் உட்காரும் தொட்டி

1

ஒரு மனிதர் எதிரில் இருந்து முக்கால் மணி நேரம் பேசுவதற்கு விலை எண்ணூறு ரூபாய். பேரம் கிடையாது; உதிரிப் பாகம் தனி.

எங்கள் வீட்டு ஹீட்டரைப் பழுதுபார்த்த மெக்கானிக் வாய்தவறிச் சொன்னதுதான் இந்தக் கதைக்கு முதல்: "ஒரு பெரியவரு வீட்டு ஸ்பா தொட்டில டீய ஊத்தி வச்சிருந்தாரு சார். ஏன்னு நான் கேக்கல."

மீதியெல்லாம் என் சரக்கு.

2

மாடியிலிருந்த வெந்நீர்த் தொட்டி மரகதம் போல—

அந்த உவமையை அடித்துவிட்டேன். தண்ணீர் பச்சையாக இருந்தது, அவ்வளவுதான்.

பெரியவர் பொத்தான் மொத்த வியாபாரி. கடையை விற்றாகிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். [மலிவான உத்திதான். ஆனால் அவளை உயிரோடு வைத்தால் கதைக்குக் கட்டுப்படியாகாது.] தொட்டி, வெளியூர் மகன் வாங்கி அனுப்பியது. நாலு பேர் உட்காரலாம்.

"ஹீட்டர்ல செம்பு கரையுது, முதலாளி. தண்ணிய மாத்தணும்" என்றார் மெக்கானிக்.

"மாத்துறதா? கலர் தண்ணின்னு சொல்லி இன்னும் கூட வெலை வச்சு வித்திருப்பேன்யா நான்!"

தண்ணீர் இறங்கித் தீர முக்கால் மணி நேரம்; அதுவரை பெரியவரின் பொத்தான் கதைகள். மெக்கானிக் கோளாறைச் சரிசெய்து, புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போனார். பெரியவர் இறங்கி உட்கார்ந்தார். அப்படியொரு தெளிவு: மற்ற மூன்று இருக்கைகளும் அடிவரை தெரிந்தன.

3

அடுத்த வாரம் தண்ணீர் பழுப்பு.

மெக்கானிக் ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"இரும்பா இருக்குமோ?" பெரியவர் முந்திக்கொண்டார்.

"இரும்புல இஞ்சி வாசன வராது, முதலாளி."

மெக்கானிக்கை மறுபடி வரவழைக்க, நிறத்துக்கு வெறும் டிகாஷன் போதும். ஆனால் வீட்டுக்கு ஆள் வரப்போகிறார் என்றதும் பெரியவரின் கை பழக்கத்தில் இஞ்சியைத் தட்டிப் போட்டுவிட்டது. எதிராளியின் முகம் பார்த்தே விலை சொன்னவர், அன்று தரையைப் பார்த்தபடி நின்றார்.

4

முடிவு அ: மெக்கானிக் சொல்கிறார், "அடுத்த தடவ தொட்டில ஊத்தாதீங்க, டம்ளர்ல ஊத்துங்க."

நல்ல வசனம். அவர் சொல்லவில்லை, நான் திணித்தது.

முடிவு ஆ: அவர் கோபித்துக்கொண்டு—

இல்லை. என் கையில் இருப்பது அந்தக் 'கேக்கல' மட்டும்தான். கேட்காமலே தண்ணீரைத் திறந்துவிட்டார். அது தீரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறுபடி போனாரா என்று நான் விசாரித்திருக்கலாம். (எங்கள் வீட்டு வேலை முடிந்ததும் டீ போடுகிறேன் என்றேன். "அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு சார்" என்று கிளம்பிவிட்டார்.)

ஆக, கணக்கு. வரவு: தெளிந்த தண்ணீர். செலவு: மெக்கானிக்கின் அந்தத் தடவைக் கூலி எண்ணூறும் ஒரு பாத்திரம் டீயும். இருப்பு: இருக்கை நாலு, ஆள் ஒன்று. தண்ணீர் கெடாத ஒரு வாரத்தில் பெரியவர் வீட்டு வாசல் மணி அடிக்கிறதா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

என் பக்கத்தில் அது பாக்கி.