பதினைந்தாவது ஆள்

அயோவாவில் ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சிக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் ஒளிவுமறைவு கிடையாது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேட்பாளருக்கு ஒரு மூலை. பிடித்தவருடைய மூலையில் ஊரே பார்க்கப் போய் நிற்க வேண்டும். பதினைந்து பேர் சேராத மூலை கலைந்துவிட வேண்டும்.

வெல்டா, ஒரு செனட்டர், ஒரு மேயர் என்ற இரண்டு வேட்பாளர்களின் மூலைகளுக்கும் நடுவே, குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். அவள் மகன் கர்ட் இராக்கில் ராணுவ லாரி ஓட்டுகிறான். யார் வந்தால் அவன் உயிரோடு வீடு திரும்புவான்? அவளுக்கு வேறு கேள்வியே இல்லை.

உர வியாபாரி லோவெல் முதலில் வந்தார். அவருடைய ஆள் அந்தச் செனட்டர். போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டு இப்போது வருத்தப்படுகிறவர்.

"வெல்டா, அந்த மேயர் ஆரம்பத்துலேர்ந்து போரை எதிர்த்தவர்தான், இல்லேங்கல. ஆனா நவம்பர் தேர்தல்ல ஜெயிக்க மாட்டாரு. இப்ப இருக்கிற ஜனாதிபதியே இன்னும் நாலு வருஷம் உட்காருவாரு. உன் பையனை மறுபடி மறுபடி அனுப்புவாங்க. அந்த ரிஸ்க் நமக்கு எதுக்கு?"

"உங்க செனட்டர் அன்னிக்கு எதுக்கு ஓட்டுப் போட்டாரு?"

"எதிர்த்திருந்தா அவர் அரசியல் அன்னிக்கே முடிஞ்சிருக்குமே!"

வெல்டா ஓர் அடி முன்னால் வந்தாள். "அவர் பதவி போகக் கூடாதுன்னு எம் புள்ளையப் பணயம் வச்சாரு. ரிஸ்க்கப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்களா?"

லோவெல் பிஸ்கட் தட்டுப் பக்கம் நழுவினார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். ஆனால் மேயர் தோற்பார் என்பது நாளைக்கு வரும் பயம். செனட்டர் போட்ட ஓட்டு நடந்து முடிந்த காரியம். வெல்டா விறுவிறுவென்று மேயர் மூலைக்கு நடந்தாள்.

அங்கே அதுவரை பதினான்கு பேர். பள்ளியின் இசை டீச்சர் கார்லீன் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடி நாற்காலி மேல் ஏறிவிட்டாள்.

"பதினஞ்சு! எல்லாரும் பாருங்க, போர்முனையில இருக்கிற சிப்பாயோட அம்மா நம்ம பக்கம்! இவங்க பையன்..." குனிந்து கிசுகிசுத்தாள். "பேர் என்ன வெல்டா?"

"கர்ட்," என்றாள் வெல்டா, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "நாலு வருஷம் உங்கிட்ட டிரம்பெட் கத்துக்கிட்டவன்."

கைதட்டத் தொடங்கியிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கார்லீன் முகம் சிவந்தது.

"கீழ இறங்கு. என்னை எண்ணிக்கோ, போக மாட்டேன். ஆனா நாற்காலி மேல ஏறி எம் புள்ளைய விக்காதே. உனக்காகவும் நிக்கல, உன் மேயருக்காகவும் நிக்கல. அவன் வீடு வந்து சேரணும், அதுக்கு நிக்கிறேன்."